மருமகன் புலம்பல்

முல்லைத்தீவு பஸ்ஸில் அந்தப் பாட்டு இப்போதும் போகிறது. படிப்பிக்கிற பள்ளிக்கூடம் விட்டு நான் ஏறும் பஸ்ஸின் சாரதிக்கு அது பிடிக்கும் போல. வாரத்தில் பாதி நாள் போடுகிறார். தரிப்பிடத்தில் நின்று, வராத பஸ்ஸுக்கும் வராத ஒருவனுக்கும் சேர்த்துக் காத்திருக்கிற பெண்ணின் பாட்டு. ஒரு காலத்தில் அது போகாத கலியாண வீடு இல்லை, சாமத்திய வீடு இல்லை. ஐஸ்கிறீம் வான்காரன்கூட அதைப் போட்டுக்கொண்டுதான் ஒழுங்கைக்குள் வந்தான். பாடியது கனடாவில் இருக்கிற ஒரு பிள்ளை. நல்ல குரல்தான், வயிற்றெரிச்சலில் குறை சொல்லமாட்டேன். ஆனால் சரணம் மேலே ஏறுகிற இடத்தில் அந்தப் பிள்ளைக்கு மூச்சு முட்டும். எனக்கு முட்டாது. அந்தப் பாட்டை முதலில் பாடியவள் நான்.

நான் ட்ராக் பாடுகிறவளாக இருந்தேன். பாட்டை எழுதி மெட்டுப் போட்டு முடிந்ததும், பெயர் பெற்ற பாடகர் கேட்டுப் பழகுவதற்காக இன்னொருவர் பாடி வைப்பதுதான் ட்ராக். வெளிநாட்டில் இருக்கிற பாடகர் தன் குரலைப் பதிந்து அனுப்பியவுடன், முதல் குரலை அழித்துவிட்டு அந்த இடத்தில் இதை வைப்பார்கள். பஸ்ஸில் வேறொருவருக்காகக் கைலேஞ்சி போட்டு இடம் பிடித்து வைக்கிற வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் வந்து இருந்ததும் லேஞ்சியை யாரும் நினைப்பதில்லை.

சண்டை முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. படிப்பை முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த நான் வவுனியாவில் சித்தி வீட்டில் நின்றேன். ஸ்டேஷனுக்குப் போகிற பக்கத்தில் கலியாண வீடியோ எடுக்கும் கடை ஒன்று இருந்தது. அதன் பின்னறைதான் ஒலிப்பதிவு கூடம். கூடம் என்பது மரியாதைக்குச் சொல்வது. சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியிருக்கும். பதிகிறபோது சத்தம் விழும் என்று மின்விசிறியை நிற்பாட்டிவிடுவார்கள். ரயில் வந்தால் எல்லோரும் பாட்டை நடுவில் விட்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, அது போகும்வரை வாயை மூடிக்கொண்டு நிற்போம். தோழி ஒருத்தி கூட்டிப் போனாள். அவள் இரண்டு நாளில் சலித்துப்போய் நின்றுவிட்டாள். நான் நிற்கவில்லை, அங்கே அவர் இருந்தார்.

பாட்டு எழுதுவதும் மெட்டுப் போடுவதும் அவர்தான். மெலிந்த மனிதர். அந்த வெக்கையிலும் சேட்டின் கழுத்துப் பொத்தானைக் கழற்றமாட்டார். அவருடைய பழைய கீபோர்டில் ஒரு கட்டை வேலை செய்யாது. அதனால் அந்தச் சுரம் வராமல் மெட்டுப் போடுவார். வன்னியில் அந்த நாட்களில் காதலித்தவர்களுக்கெல்லாம் ஒரு சுரம் குறைவாகத்தான் கிடைத்தது என்று நான் பகிடி பண்ணுவேன். சிரிக்கமாட்டார். கொஞ்ச நேரம் கழித்து, நான் வேறு எதையோ கதைத்துக்கொண்டிருக்கிறபோது சிரிப்பார்.

முதலில் அவரை அண்ணா என்று கூப்பிட்டேன். எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடவேண்டும். பிறகு ஒரு நாளில் அந்தச் சொல் வாயில் வர மறுத்தது. வேறு சொல்லும் இல்லை. ஒன்றும் கூப்பிடாமலே கதைக்கப் பழகிக்கொண்டேன். "இஞ்ச பாருங்கோ" என்று தொடங்கினால் போதும், உலகத்தில் எந்த மனிதரோடும் கதைத்துவிடலாம்.

எங்களோடு கதைக்கிறபோது ஓம் என்பார். துணுக்காயில் இருந்து அவருடைய அம்மா போன் எடுத்தால் மறுபக்கம் திரும்பிக்கொண்டு, "ஆமாம்மா, சாப்பிட்டேம்மா, நீங்க சாப்பிட்டீங்களா" என்பார். அவருடைய தாத்தா காலத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து கலவரத்தில் அடிபட்டு ஓடிவந்த குடும்பம் அது. வந்து இங்கே ஊராரின் வயலில் கூலி வேலை செய்து, பிறகு துணுக்காயில் ஒரு துண்டுக் காணி பிடித்தவர்கள். அந்த மற்றத் தமிழை அவர் எங்களுக்கு முன்னால் ஒளித்துத்தான் வைத்திருந்தார். ஒருமுறை, அதிலும் ஒரு பாட்டு எழுதினால் என்ன என்று கேட்டேன். நல்ல வடிவான தமிழ், எனக்கு ஆசையாக இருந்தது. அதைக் கேட்டு வன்னியில் யாரும் அழமாட்டார்கள், சிரிப்பார்கள் என்றார். எனக்குக் கோபம் வந்தது. யாரில் கோபம் என்று அன்றைக்குத் தெரியவில்லை.

அவருக்குள் ஏதோ ஒன்று சரியில்லாமல் இருந்தது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். கடைசிச் சண்டையில் தங்கச்சியைப் பறிகொடுத்தவர். அதைப் பற்றி ஒரு சொல்லும் கதைத்ததில்லை, ஒரு வரியும் எழுதியதில்லை. நாட்கணக்கில் பேச்சில்லாமல் இருப்பார். குடித்துவிட்டு வருவார். பிறகு திடீரென்று ஒரு காலையில் முகம் கழுவி, கழுத்துப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, முழுப் பாட்டோடு வந்து நிற்பார்.

பஸ் பாட்டு அப்படி வந்ததுதான். இரவு முழுக்க விழித்திருந்த கண்ணோடு வந்து, படித்துப் பாரும் என்று கடதாசியை நீட்டினார். பாடிப் பார்த்தேன். ஓரிடத்தில்கூடத் தடக்கவில்லை. எனக்கென்று தைத்த சட்டை போல உடம்பில் விழுந்தது. எப்படி இவ்வளவு லேசாக இருக்கிறது என்று கேட்டதற்கு, கீபோர்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"உமக்கு மூச்சு முட்டுற இடத்தில நான் சொல்லு வைக்கமாட்டன். அழிக்கிற குரலெண்டாலும் முதல்ல அது சுகமாப் பாடவேணும்."

காதலைச் சொல்ல ஊரில் எத்தனையோ வழி இருக்கிறது. எனக்குச் சொல்லப்பட்டது இவ்வளவுதான். இதைவிடப் பெரிதாக யாருக்கும் சொல்லப்பட்டிருக்காது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

பாட்டு வெளிவந்து ஊரெல்லாம் பரவியது. கனடாப் பிள்ளைக்குப் பேர் வந்தது. இவருக்கும் வந்தது, எங்கட பெடியன், வன்னிப் பெடியன் என்று மேடையில் ஏற்றி மாலை போட்டார்கள். அதோடு பிடித்தது சனி. வந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றே: "அதே மாதிரி இன்னொண்டு." லண்டனில் இருந்து கேட்டார்கள், பாரிஸில் இருந்து கேட்டார்கள். அவர் எழுதிக் கொடுத்தார். அது அதே மாதிரி இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். இன்னொன்று எழுதினார். அது அதே மாதிரித்தான் இருந்தது. அப்படி இருப்பதைப் பார்த்து அவரே கிழித்துப் போட்டார். காத்திருக்கிற பெண்ணை எத்தனை தரம் தரிப்பிடத்தில் கொண்டுபோய் நிற்பாட்டுவது என்று என்னிடம் கேட்டார். குடி கூடியது அந்த நாட்களில்தான்.

என் அப்பாவுக்கும் அந்தப் பாட்டு மனப்பாடம். முள்ளியவளையில் எங்கள் வயலுக்குத் தண்ணீர் கட்டப் போகிறபோது, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அதைத்தான் பாடிக்கொண்டு போவார். சுருதி எங்கேயோ, அவர் எங்கேயோ. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு நம்பிக்கை வந்தது. பாட்டை வீட்டுக்குள் விட்டவர் பாட்டுக்காரரையும் விடுவார் என்று நினைத்தேன். நானே அவரிடம் சொன்னேன், அம்மாவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து கேளுங்கோ என்று.

ஒரு ஞாயிறு காலை வந்தார்கள். ஓட்டோவில் இருந்து இறங்கிய அவருடைய அம்மா நல்ல சேலை கட்டி, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்திருந்தார். நடுவில் கதைக்க ஒரு சொந்தக்காரரைக் கூட்டி வரவில்லை. முறை அதுதான் என்றாலும், எங்கள் பக்கத்தில் அவர்களுக்கு அப்படி யார் இருந்தார்கள்? அப்பா கதிரை போட்டு இருத்தினார். முகம் கோணாமல் கதைத்தார். குளத்தில் தண்ணீர் மட்டம், பசளை, பன்றி வந்து வயலைக் கிண்டுவது என்று ஊர்க்கதை எல்லாம் கதைத்தார். அம்மா குசினிக்குள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். நான் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்றேன். கடைசியில் அந்த அம்மாதான் வாயைத் திறந்து விஷயத்தைச் சொன்னார். அப்பா தோளில் கிடந்த துவாயை எடுத்து மடித்தார். பிறகு சொன்னார்.

"பிள்ளை நல்ல பிள்ளை. பாட்டும் நல்ல பாட்டு, நானே பாடுறனான். ஆனால் சம்பந்தம் எண்டு வரேக்க எங்கட ஆக்களையும் பாக்கோணும்தானே."

அந்த அம்மா, "சரிங்கய்யா" என்றார். அவ்வளவுதான். தேத்தண்ணியை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு எழும்பினார்கள். அப்பா மரியாதை தெரிந்த மனிதர். வாசல் படலை வரைக்கும் கூடப் போய், ஓட்டோ திரும்பும்வரை நின்று, கையசைத்துவிட்டுப் படலையைச் சாத்திக்கொண்டு வந்தார்.

குடியைச் சொல்லியிருந்தால் நான் வாதாடியிருக்கமாட்டேன். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. ஆனால் அப்பா சொன்னது அது இல்லை. எங்கட ஆக்கள் என்றார். அப்பாவின் அப்பா யாழ்ப்பாணத்தில் காணி இல்லாமல், குளத்துத் திட்டத்தில் வயல் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரு டிரங்குப் பெட்டியோடு இங்கே வந்து இறங்கியவர். நாங்களும் வந்தவர்கள்தான், கொஞ்சம் முந்தி வந்தவர்கள். இதை நான் அப்பாவின் முகத்துக்கு நேரே சொன்னேன். அதற்குப் பிறகு வயலுக்குப் போகிறபோது அவர் எதையும் பாடவில்லை.

நான் வவுனியாவுக்குப் போய், எழுத்து எழுதிவிடுவோம், பிறகு நடப்பதைப் பார்ப்போம் என்று அவரைக் கேட்டேன். பதிவுக் கலியாணத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அன்றைக்கு அவர் குடித்திருக்கவில்லை.

"எங்கட அம்மா உங்கட படலையால முன்பக்கமா வந்தவா," என்றார். "நான் உம்மைப் பின்பக்கமாக் கூட்டிக்கொண்டு போகமாட்டன்."

வீம்பு என்று திட்டினேன். அழுதேன். கீபோர்டை உடைக்கிறேன் என்று கையை ஓங்கினேன். அவர் அதைத் தூக்கி என் மடியில் வைத்தார். உடைக்கவில்லை. அதுவும் ஒரு சுரம் இல்லாத சீவன்தானே.

பிறகு அவர் எழுதிய பாட்டுகளுக்கு நான் ட்ராக் பாடவில்லை. சிலது வந்தது, வந்த சத்தம் தெரியாமல் போனது. ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள் என்று ஒருமுறை கேள்விப்பட்டேன். பார்க்கப் போனேன், துண்டு வெட்டி வீட்டுக்கு விட்டுவிட்டார்கள் என்றார்கள். அதன்பிறகு துணுக்காயில் அம்மாவோடு இருக்கிறார், காணியில் கச்சான் பயிரிடுகிறார், குடியை விட்டுவிட்டார் என்று யாரோ சொன்னார்கள். பாட்டையும் விட்டுவிட்டார், ஏதோ அச்சகத்துக்குச் செத்தவீட்டுக் கல்வெட்டுப் பாட்டு எழுதிக் கொடுக்கிறார் என்று இன்னொருவர் சொன்னார். அதை நான் நம்பவில்லை. நம்ப விரும்பவில்லை என்பதுதான் சரி.

எனக்கு லண்டன் மாப்பிள்ளை, சுவிஸ் மாப்பிள்ளை என்று வந்தது. வந்ததை எல்லாம் திருப்பினேன். அப்பா இது ஒரு வருஷத்துப் பிடிவாதம் என்று நினைத்தார். தம்பிக்குக் கலியாணமாகிப் பிள்ளைகளும் பிறந்தபிறகுதான் அவருக்கு விளங்கியது. அப்பாவோடு நான் சண்டை பிடித்துக்கொண்டு இருக்கவில்லை. ஒரே வீட்டில், ஒரே பானையில் சாப்பிட்டோம். அவர் படுக்கையில் விழுந்தபோது துடைத்து, கழுவி, ஊட்டி விட்டவள் நான்தான். அவரில் எனக்கு உயிர். அந்த ஒரு வார்த்தையை அவர் திருப்பி எடுக்கமாட்டாரா என்று கடைசிவரை அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எடுக்காமலே போய்விட்டார்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்து, வந்தவர்களுக்குக் கல்வெட்டு கொடுப்போம். செத்தவரின் படம் போட்ட சின்னப் புத்தகம். அதில் மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல் என்று ஒழுங்காகப் பாட்டு இருக்கும். புலம்புகிறவர்கள் யாரும் அதை எழுதுவதில்லை. துக்கத்தில் இருக்கிறவனுக்கு எதுகை எங்கே வரும்? குடும்ப விபரத்தை அச்சகத்துக்குச் சொன்னால், அவர்களுடைய ஆள் ஒருவர் எல்லோருக்குமாக அழுது எழுதித் தருவார்.

தம்பி வவுனியாவில் ஓர் அச்சகத்துக்கு விபரத்தை அனுப்பினான். சில நாளில் பிழை பார்க்கச் சொல்லி வட்ஸ்அப்பில் வந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்து நானும் அம்மாவும் விறாந்தையில் இருந்தோம். தம்பி போனைப் பார்த்து ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு வந்தான். எல்லாம் வழக்கமான புலம்பல். மருமகள் புலம்பலை முடித்துவிட்டு நின்றான். அதற்குக் கீழே மருமகன் புலம்பல் என்று ஒன்று இருந்தது.

"எங்கட வீட்டில ஏது மருமகன்?" என்றான்.

பழைய கல்வெட்டு ஒன்றை வைத்துப் பெயரை மாற்றி அடித்திருக்கிறார்கள், செத்தவீட்டிலும் இவர்களுக்கு அவசரம் என்று அவனுக்கு எரிச்சல். உடனே அச்சகத்துக்குப் போன் எடுத்தான். எழுதுகிறவர் அனுப்பியபடியேதான் அடித்தோம், வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம் என்றார்கள். அதோடு, இதென்ன, கல்வெட்டில் போய் யாராவது தேத்தண்ணி என்று எழுதுவார்களா என்று என்னிடம் சொல்லிக் குறைப்பட்டான். நான் போனை வாங்கிப் பார்த்தேன்.

வாசலுக்கு வந்தவரை வரவேற்ற மாமாவே
பேசுமுகம் வாடாமல் தேத்தண்ணி தந்தவரே
படலைவரை கூடவந்து அன்றெமை வழியனுப்பினீர்
கடைசிவழி அனுப்பிவைக்க எனக்குரிமை இல்லையே

ஓரிடத்திலும் மூச்சு முட்டவில்லை.

அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இவ்வளவு காலமும் ஒரு சொல் இல்லை, ஒரு போன் இல்லை. முன்பக்கத்தால் வந்தவரின் மகன் கடைசியில் செத்தவீட்டுப் புத்தகத்துக்குள்ளால் வீட்டுக்குள் வருகிறார். பிறகு கோபமும் போய்விட்டது. என்னைத் துரத்திய வீட்டுக்காக அவர் அழுதிருக்கிறார் என்று எழுத வருகிறது. துரத்தப்பட்டது நான் அல்ல, அவர். ஆனால் எனக்கு இன்றைக்கும் அது அப்படித்தான் நினைவில் வருகிறது. அவரைப் பார்க்கவேண்டும் போல உடம்பெல்லாம் நொந்தது.

தம்பி அதை எடுக்கச் சொல்லப் போனான்.

"எடுக்காதை," என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். அப்போதுதான் அவனுக்கு விஷயம் ஓடியது. அந்த ஞாயிறு அவன் சின்னவன் அல்ல. அந்த ஓட்டோ வந்ததும் போனதும் அவனுக்கும் தெரியும். கலியாணம் கட்டாத பொம்பிளையை வீட்டில் வைத்துக்கொண்டு மருமகன் புலம்பல் அடித்தால் சனம் என்ன கதைக்கும், அக்காவின் பெயர் என்ன ஆகும் என்று பதறினான். சனம் சாப்பிட வரும், சாப்பிட்டுப் போகும் என்றேன். அவன் அம்மாவைப் பார்த்தான். அம்மா இந்த விஷயத்தில் அன்றைக்கும் வாய் திறக்கவில்லை, அதன்பிறகும் திறந்ததில்லை. இப்போது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, போனை என் கையில் இருந்து வாங்கி, எழுத்துத் தெரியாத தூரத்தில் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"அந்தத் தேத்தண்ணி போட்டது நான்."

தம்பி அச்சகத்துக்குத் திரும்பவும் போன் எடுத்து, பிழை ஒன்றும் இல்லை, அப்படியே அடியுங்கோ என்றான்.

முப்பத்தோராம் நாள் கடற்கரையில் காரியம் முடித்து வீட்டுக்கு வந்தோம். அப்பாவின் படத்துக்கு முன்னால் கல்வெட்டைப் பாடவேண்டும். வழக்கமாகப் பாடுகிற பெரியவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. நீதானே பாட்டுப் படிக்கிறனி, நீயே பாடு பிள்ளை என்று புத்தகத்தை என்னிடம் தந்தார். பந்தலில் சனம் நிறைய. நான் பாடினேன். அம்மாவுக்காகப் பாடினேன், தம்பிக்காகப் பாடினேன், எனக்காகவும் பாடினேன். மருமகன் புலம்பலுக்கு வந்ததும் குரல் நடுங்கும் என்று பயந்தேன், நடுங்கவில்லை. இதை அழித்துவிட்டு மேலே குரல் வைக்க எந்த ஊரில் இருந்தும் யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்துகொண்டு பாடினேன். வாழ்க்கையில் நான் நன்றாகப் பாடியது அந்த நான்கு வரியும்தான்.

பாடி முடிந்து சாப்பாட்டுக்கு வாழையிலை போட்டார்கள். சனம் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். அம்மாவின் தமக்கை, எங்கள் பெரியம்மா, பொறுக்கமுடியாதவர். சோறு போட்டுக்கொண்டு வந்த அம்மாவை நிற்பாட்டி, பந்தலுக்கே கேட்கிற மாதிரி, இதார் இந்த மருமகன் என்று கேட்டார்.

அம்மா கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"எங்கட மருமகன்தான்," என்றார். "நாங்கள்தான் கூப்பிடேல்லை."

சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போனார். நான் படத்துக்கு முன்னால் புத்தகத்தோடு அப்படியே நின்றேன். என் இளமை முழுவதும் இந்த வீட்டில் யாராவது ஒருவர் சொல்லமாட்டார்களா என்று நான் காத்திருந்த சொல் அது. பந்தலில் இருந்த எல்லோருடைய காதிலும் விழுந்தது. கேட்கவேண்டியவர் துணுக்காயில் இருந்தார்.